எல்லாம் டைப்-சிதான்... ஆனா 40 நிமிடமா, 4 நிமிடமா? கேபிள் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கொங்கு மண்டலத்தில் முகூர்த்த சீசன் வந்தால் கல்யாண வீடியோகிராஃபர்களுக்குத் தூக்கம் குறைவு. ஒரு மண்டபத்தில் எடுத்ததை லேப்டாப்பில் ஏற்றி, எஸ்எஸ்டியிலும் ஒரு காப்பி வைத்துவிட்டுத்தான் மெமரி கார்டை அழிக்க முடியும். காப்பி முடியும் முன் அவசரப்பட்டு அழித்துவிட்டால், தாலி கட்டிய காட்சியை மறுபடி எடுக்க முடியுமா?

வேகமாக வேலை முடியட்டும் என்று காந்திபுரம் பக்கம் கடைக்குப் போய், ‘அண்ணா, ஃபாஸ்ட் கேபிள் ஒண்ணு குடுங்க’ என்று கேட்டால், ‘எத்தனை வாட்ஸுங்க?’ என்ற கேள்விதான் பெரும்பாலும் வரும். சிக்கலே இங்கேதான். வாட்ஸ், சார்ஜ் ஏறும் திறனைத்தான் சொல்லும். ஃபைல் நகரும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரே முனை, வேறு வேறு வேகம் ஏன்?

டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே. யுஎஸ்பி 2.0 வகை கேபிளில் டேட்டாவுக்கு ஒரே ஒரு ஜோடி கம்பிதான். உச்ச வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட் என்பதால், இது 60 மெகாபைட். நடைமுறையில் 40 கிடைக்கலாம். 100 ஜிபியை எஸ்எஸ்டிக்கு மாற்ற 40 நிமிடம் தாண்டிவிடும்.

கூடுதல் ஜோடிக் கம்பிகள் உள்ள 5 ஜிபிபிஎஸ் கேபிளில் விநாடிக்குச் சுமார் 400 மெகாபைட் கிடைக்கும். அதே வேலை 4 நிமிடத்தில் முடியும்.

விலை அதிகம் என்றால் வேகம் அதிகம் என்றும் நம்ப முடியாது. ஆப்பிளின் 240 வாட்ஸ் சார்ஜ் கேபிள்கூட டேட்டாவில் யுஎஸ்பி 2.0 வேகம்தான். ஐபோன் 15 ப்ரோ 10 ஜிபிபிஎஸ் வரை தாங்கும். ஆனால் பெட்டியோடு வரும் கேபிள் 480 மெகாபிட்டைத் தாண்டாது.

சட்டம் வந்தும் குழப்பம் தீரவில்லையா?

ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பர் 28 முதல் செல்போன்களுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்களுக்கும் டைப்-சியைக் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டத்தின் நோக்கம் பொதுவான சார்ஜர். டேட்டா வேகத்தை அது ஒன்றாக்கவில்லை. ஆக, எல்லா கேபிளும் பார்க்க ஒரே மாதிரி ஆகிவிட்டது. வித்தியாசம் உள்ளே ஒளிந்துகொண்டது.

கடையில் என்ன பார்க்கணும்?

* அட்டையில் 5, 10, 20, 40 என ஜிபிபிஎஸ் எண் இருக்கிறதா? ‘ஃபாஸ்ட் சார்ஜிங்’ என்று மட்டும் இருந்தால் அது யுஎஸ்பி 2.0 ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம்.
* நீளம் கூடினால் வேகத்தைத் தாங்குவது கடினம். 10 ஜிபிபிஎஸ்ஸுக்குச் சாதாரண கேபிள் 1 மீட்டருக்குள் இருப்பது நல்லது.
* லேப்டாப் போர்ட், கேபிள், டிஸ்க் மூன்றில் எது மெதுவோ, அதுதான் மொத்த வேகம். சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்குக்கு 40 ஜிபிபிஎஸ் கேபிள் வாங்குவது காசுக்குக் கேடு.

அடுத்த முறை கடைக்காரர் வாட்ஸ் கேட்டால், ‘இது எத்தனை ஜிபிபிஎஸுங்க?’ என்று திருப்பிக் கேளுங்கள்.