ஊர் வரலாற்றுக்கு ஒரு மகமை

கடை திறந்து சாம்பிராணி போட்டு முடிப்பதற்குள் வசூல் நோட்டு வந்துவிடுகிறது. ஆடியில் அம்மன் கோயில் கூழ், ஆவணியில் பிள்ளையார், மார்கழியில் பஜனை, தையில் விளையாட்டுப் போட்டி. சிறிய ஊரில் எந்த நற்காரியம் நடந்தாலும் முதல் ரசீது கடைவீதியில்தான் கிழிக்கப்படுகிறது. இதில் நமக்குச் சலிப்பு உண்டு, பெருமையும் உண்டு. வணிகனிடம் கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊருக்கு இருக்கிறதே, அதுவே பெரிய மூலதனம்.

இந்த வரிசையில் மிகவும் தயங்கித் தயங்கி நம் கடைப்படி ஏறுகிறவர்கள் உள்ளூர் வரலாற்றுக் கழகத்தார்தாம். பல சிற்றூர்களில் இத்தகைய கழகங்கள் உண்டு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், தபால் நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர், கல்லூரி மாணவர் நாலு பேர் சேர்ந்து நடத்துவார்கள். ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லை நிமிர்த்தி வைப்பது, கல்வெட்டைப் படியெடுப்பது, பழைய புகைப்படங்களைச் சேர்ப்பது, பொங்கலை ஒட்டி ஒரு கண்காட்சி வைப்பது ஆகியவையே இவர்கள் வேலை. இவர்களிடம் மேளம் இல்லை, மைக்செட் இல்லை. ஆகவே ஐம்பது ரூபாய் கொடுத்து, 'அடுத்த வருஷம் பார்ப்போம் சார்' என்று அனுப்பிவிடுகிறோம்.

இது சரிதானா என்பதை வணிகப் பெருமக்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். வரலாற்றுக் கழகத்தார் காப்பாற்றப் பார்ப்பது மன்னர்களின் கதையை மட்டுமல்ல. நம் கதையையும்தான்.

சிவகங்கை மாவட்டத்தில் சிங்கம்புணரிக்கு அருகே பிரான்மலை இருக்கிறது. அங்குள்ள கொடுங்குன்றநாதர் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெரும் வணிகக் குழுவினர், பதினெண் பட்டினங்களிலும் பிற வணிக ஊர்களிலும் இருந்த தம்மவருடன் கூடிப் பேசி எடுத்த முடிவை அது சொல்கிறது. உப்பு, நெல், அரிசி, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பருத்தி, நூல் என்று சரக்கு சரக்காகப் பெயர் சொல்லி, இவ்வளவு சரக்குக்கு இவ்வளவு என்று கோயில் பணிக்குப் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இத்தகைய பங்கைப் பட்டணப்பகுடி என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. இன்றைய மளிகை மண்டியின் விலைப்பட்டியலைப் படிப்பது போலவே இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நம் முன்னோர் கொடுத்தது மனம்போன நன்கொடை அல்ல. சங்கமாகக் கூடி, விகிதம் வைத்து, ஊரறியக் கல்லில் வெட்டிக் கொடுத்தார்கள். இது ஒன்று. அரசின் கல்வெட்டுத் துறையினர் அந்தக் கல்லைப் படியெடுத்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியில் அச்சிட்டதால்தான் இன்று நாம் இதைப் பேச முடிகிறது. இது மற்றொன்று. அந்தக் கல்லுக்கு வெள்ளை அடித்திருந்தாலோ, படிக்கட்டாகப் போட்டிருந்தாலோ, வணிகர்கள் கூடிக் கொடுத்த செய்தியும் அதோடு போயிருக்கும். வெள்ளை அடிபட்ட கல்லும் படிக்கட்டான கல்லும் நம் பக்கத்து ஊர்களில் எத்தனையோ உண்டு.

கல்வெட்டுக் காலத்தோடு இந்த வழக்கம் முடிந்துவிடவில்லை. விருதுநகர் வணிகர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிடித்து வைத்த பணம் பள்ளிக்கூடமாக எழுந்தது. 1885-இல் தொடங்கிய க்ஷத்ரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடி அரிசியும் திரட்டினார்கள். காமராசர் படித்த பள்ளிக்கூடம் அது. ஒரு கைப்பிடி அரிசி யாருக்கும் பாரமில்லை. தினமும் தவறாமல் விழுந்தது என்பதுதான் அதன் பலம்.

வரலாற்றுக் கழகங்களுக்கு இல்லாதது இந்த ஒழுங்கான வரவுதான். வருஷத்துக்கொரு முறை ரசீதுப் புத்தகத்தோடு அலைவார்கள். கிடைத்த பணம் கண்காட்சிப் பந்தலுக்கும் மாலைக்கும் போய்விடும். பீரோ வாங்கவோ, பூச்சி அரிக்கும் காகிதத்தைப் பத்திரப்படுத்தவோ, ஒரு சிறிய புத்தகம் அச்சிடவோ மிச்சம் இராது. கழகத்தை நடத்துகிற பெரியவர் படுத்துவிட்டால் கழகமும் படுத்துவிடும். அவர் சேர்த்ததெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற பெரியவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். நூல்கள், இதழ்கள், நோட்டீசுகள் என ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைத் தனி மனிதராகச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பின், 1994-இல் அந்தச் சேகரத்தை விலை கொடுத்து வாங்கியது அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். நல்ல வேளையாக அது கடல் கடந்து போகாமல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. கோட்டையூரைச் சுற்றிலும் கொடைக்குப் பெயர் போன வணிகக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர்கள். அப்படியிருந்தும், அதைக் காப்பாற்ற அயல்நாட்டிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. எல்லா ஊருக்கும் சிகாகோவிலிருந்து ஆள் வரமாட்டார்கள்.

ஆகவே சங்கத்தின் முன் சில யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, மகமை. கடைவீதியில் இறங்கும் லோடு ஒன்றுக்கு இவ்வளவு என்றோ, கடை ஒன்றுக்கு நாளைக்கு ஒரு ரூபாய் என்றோ சங்கமே வசூலித்து, மாதாமாதம் கழகத்தின் வங்கிக் கணக்கில் கட்டிவிடலாம். இருநூறு கடை உள்ள ஊரில் நாளைக்கு ஒரு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 73,000 ரூபாய். ஒரு கடைக்கு அது 365 ரூபாய்தான். விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம். கொடுப்பவர் கொடுத்தாலே போதும்.

இரண்டாவது, காலண்டர். வருஷந்தோறும் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கிறோம். எல்லாக் கடை அட்டையிலும் அதே குழந்தை, அதே லட்சுமி. ஊரின் பழைய தேர், பழைய சந்தை, தூர்ந்துபோன குளம் ஆகியவற்றின் படங்களைக் கழகத்திடம் வாங்கி அட்டையில் போட்டு, அட்டைக்கு இவ்வளவு என்று கழகத்துக்குக் கொடுக்கலாம். நமக்கும் விளம்பரம், அவர்களுக்கும் வரவு.

மூன்றாவது, பணத்தைவிடப் பெரியது. பரணில் கிடக்கும் நம் தாத்தா காலத்துப் பேரேடு, சிட்டை, தராசுப் படி, பழைய விலைச் சீட்டு, கடைப் படம் ஆகியவற்றைத் தூக்கிப் போடும் முன் கழகத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. சட்டம் கணக்குகளை 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. அதைத் தாண்டியதும் எடைக்குப் போட்டுவிடுகிறோம். ஆனால் பஞ்ச காலத்தில் அரிசி என்ன விலை விற்றது, பருத்தி எந்த ஊரிலிருந்து வந்தது, யார் யார் கடனாகத் தானியம் வாங்கிப் பிழைத்தார்கள் என்பதெல்லாம் எந்தக் கல்வெட்டிலும் இராது. நம் பேரேட்டில்தான் இருக்கும். கடன் வாங்கியவர் குடும்பம் இன்றும் ஊரில் இருக்கிறதே என்ற தயக்கம் நியாயமானது. பெயர்களை வெளியிடுவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

கேட்பதற்கு நமக்கு உரிமை இருப்பது போல, கழகத்தாருக்கும் கடமை உண்டு. கழகத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஏழு பேர் இருந்தால் போதும். வரவு செலவை ஆண்டுதோறும் தணிக்கை செய்து, கடைவீதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஐந்தொகை பார்க்காமல் எந்த வணிகனும் மறுபடி முதல் போடமாட்டான். வரிக் கழிவு எதிர்பார்க்கும் நண்பர்கள், கழகத்துக்கு வருமான வரித் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசோலையாகக் கொடுப்பது நல்லது.

பழம்பொருள் விஷயத்திலும் சட்டத்தை மதிக்க வேண்டும். கடைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால் அது நமக்கும் சொந்தமில்லை, கழகத்துக்கும் சொந்தமில்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சிலைகளையும் காசுகளையும் பூட்டி வைப்பது கழகத்தின் வேலை அல்ல. பார்த்து, படம் எடுத்து, எழுதி வைத்து, உரியவரிடம் சேர்ப்பதே அதன் வேலை.

'வரலாறு சோறு போடுமா?' என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. நேரடியாகப் போடாதுதான். ஆனால் பெரிய பெரிய நிறுவனங்களின் கடைகளும், கைப்பேசியில் அழுத்தினால் வீட்டு வாசலில் இறங்கும் சரக்கும் நம்மோடு போட்டி போடும் இந்த நாளில், அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. நாம் இந்த ஊர்க்காரர்கள். மூன்று தலைமுறையாக இந்த ஊருக்கு உப்பும் புளியும் அளந்தவர்கள். அந்த உறவை ஊர் மறந்துவிட்டால், பிறகு விலையை மட்டுமே பார்ப்பார்கள். விலைப் போட்டியில் நாம் எத்தனை நாள் நிற்க முடியும்?

ஒவ்வோர் ஊர்க் கிளைச் சங்கமும் அடுத்த பொதுக்குழுவில் இதைப் பொருளாக வைத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வரலாற்றுக் கழகம் உள்ள ஊரில் அதன் நிர்வாகிகளை அழைத்துப் பேசுங்கள். இல்லாத ஊரில் ஏழு பேரைச் சேர்ப்பது நமக்கு ஒரு பெரிய காரியமல்ல. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்மலையில் கூடியவர்கள் சரக்குக்குச் சரக்கு பங்கு வைத்தார்கள். நாம் நாளைக்கு ஒரு ரூபாய் வைக்கலாமே.