கண்டலுக்கு முதலில் உயரம்

பல்லேகம, நக்கிள்ஸ் மலைகளை அண்டிய உள்நாட்டு ஊர். இங்கே உப்புநீர்த் தொட்டி வைக்க விரும்புகிறவர் செயற்கைக் கடலுப்பை லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைத்தாக வேண்டும். அந்த நீரிலும் கண்டல் வளரும். உப்புக் குறைந்த நீரில் இன்னும் நன்றாகவே வளரும். உப்பைச் சரியாக அளந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. கண்டல் சாவது பெரும்பாலும் உப்பால் அன்று, மூச்சுத் திணறலால்.

களுகங்கை நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய பல்லேகம நகர் நீருக்குள் போயிற்று. தேங்கிய நீரில் நிற்கும் மரம் என்ன ஆகும் என்று இவ்வூரார்க்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்டல் மட்டும் தப்புவதற்குக் காரணம் அதன் முட்டுவேர்களிலுள்ள நுண்துளைகள். அவை காற்றை உள்ளிழுத்து, பஞ்சுபோன்ற திசு வழியாகச் சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு இறக்குகின்றன. கரையில் நீர் வற்றும்போதெல்லாம் துளைகள் வெளியே தெரியும். நம் தொட்டியில் வற்றும் இல்லை, பெருக்கும் இல்லை. ஆகவே செடி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை வளர்ப்பவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

ரைசோபோரா என்ற கண்டல் வகையின் நீண்ட முளையைப் பாதிவரை மணலில் புதைப்பதும், குருத்து நனைய நீர் நிரப்புவதும் நாம் அடிக்கடி காணும் பிழைகள். முளையின் அடிப்பகுதி மட்டும் நீரில் தொடும்படி தொட்டிச் சுவரில் நிமிர்த்திக் கட்டினால் போதும். வேர் தானே இறங்கும், மணல் பிறகு. நன்னீரில் முளைத்ததை ஒரே நாளில் கடல் உப்புக்கு மாற்றாமல் வாரக்கணக்கில் ஏற்றுங்கள். உப்பை இலை வழியே கக்கும் அவிசென்னியாவை வளர்ப்பவர், வீட்டுக்குள் மழை இல்லை என்பதால், இலைகளை நன்னீரால் கழுவ வேண்டும். ரைசோபோராவை வெட்டும்போது கவனம்: முதிர்ந்த கிளையில் உறங்கும் மொட்டுகள் பிழைத்திருப்பதில்லை, இலையற்ற கட்டையாக விட்டால் மறுபடி துளிர்க்காது.

உயரம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு நம் கரைகளே சாட்சி. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நடுவதற்குப் பெருமுயற்சி நடந்தது. சுனந்த கொடிகாரவும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு 23 இடங்களைப் பார்த்தது. 9 இடங்களில் ஒரு செடியும் மிஞ்சவில்லை. பாதிக்குமேல் பிழைத்தவை கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு ஆகிய மூன்றே. தவறான மட்டத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும் முக்கிய காரணங்கள். நம் நாட்டில் கடல் ஏறி இறங்கும் அளவே ஒரு மீற்றருக்குள்தான். அங்கே ஒரு சாண் பிசகினாலும் செடி ஓயாத நீரில் நிற்கும். ஆர்வத்தோடு நட்ட அத்தனை கைகளின் உழைப்பும் வீணானதை நினைக்க மனம் வலிக்கிறது.

கண்டலை நைத்திரேற்று வடிகட்டியாக விற்பதையும் இங்கே கண்டிக்க வேண்டும். மெதுவாக வளரும் மரம் மெதுவாகவே சத்தை உறிஞ்சும். சில இளஞ்செடிகள் ஒரு தொட்டியின் கழிவைச் சுத்திகரிப்பதில்லை. அந்த வேலைக்கு கீட்டோமோர்ஃபா பாசி பன்மடங்கு விரைவானது. உதிரும் கண்டல் இலையைப் பொறுக்காவிட்டால் உறிஞ்சிய சத்தும் நீருக்கே திரும்பும். கண்டலை அதன் அழகுக்காகவும், அது வாழும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்காகவும் வளர்ப்போம். அதுவே போதுமான காரணம்.

முளைகளை மரத்திலிருந்து பறிக்க வேண்டாம். வனத் திணைக்களத்தின் அனுமதியோடு நாற்று வளர்ப்போரிடம் கேளுங்கள். அடுத்த இதழ் முதல், கண்டல் பற்றி எழுதுவோர் உப்பளவோடு, முளையின் எவ்வளவு பகுதி நீருக்குள், எவ்வளவு வெளியே என்பதையும் சென்ரிமீற்றரில் குறித்து அனுப்ப வேண்டும். அந்த அளவு இல்லாத கட்டுரையை வெளியிட மாட்டோம்.