இந்த வயதில் எதற்கு லேத்?

போன மாதம் ஒரு மினி லாரி எங்கள் வீட்டு வாசலில் நின்றது. நான்கு பேர் சேர்ந்து, தரையில் இரும்புக் குழாய்களை உருட்டி, ஒரு மரப்பெட்டியைத் தள்ளித் தள்ளிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். எடை 210 கிலோ. உள்ளே இருந்தது மரம் கடையும் லேத். சாயங்காலத்துக்குள் தெருவில் மூன்று பேர், தொலைபேசியில் இரண்டு பேர், வீட்டுக்குள் ஒருவர், ஆக ஆறு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இந்த வயதில் எதற்கு?"

என் மைத்துனர் போன வருடம் பதினொரு லட்சத்துக்குக் கார் வாங்கினார். அவருக்கு என்னைவிட ஒரு வயதுதான் குறைவு. அந்தக் கார் உறை போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூரணாங்குப்பம் வரை ஒருமுறை போய்வரும். அவரிடம் யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. சந்தனம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். அந்த விலையில் ஆறில் ஒரு பங்குக்கு நான் வாங்கிய இயந்திரத்தைப் பார்த்து, "மாமா, உங்களுக்குப் பொழுது போகலையா?" என்று கேட்டவரும் அவர்தான்.

பொழுதுபோக்கு இல்லை ஐயா. என் பாட்டனார் கட்டிய வீட்டில் மாடிப்படிக் கைப்பிடிக்கு 42 தேக்குக் கால்கள். எல்லாம் கடைசல் பிடித்தவை, 32 அங்குல உயரம். தானே புயலுக்குப் பிறகு சுவரில் ஈரம் இறங்கி, அந்த வழியாகச் செல் ஏறி, ஒன்பது கால்கள் உளுத்துப்போயின. தச்சரைக் கூப்பிட்டேன். "கடைசல்காரன் இப்ப யாரு சார் இருக்கான்? சிமெண்டுல அச்சு வார்த்து, பிரவுன் பெயிண்ட் அடிச்சிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். எனக்குத் தெரியுமே! தினம் நான்கு தடவை அதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவன் நான்.

பாரிசிலிருந்து மகன் சொன்ன யோசனை வேறு. "சரிப்பா, மேசை மேல வைக்கிற மாதிரி சின்னதா வாங்கியிருக்கலாமே." லேத்தைப் பற்றித் தெரியாதவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். சின்ன லேத்தில் பம்பரம் கடையலாம், பேனா கடையலாம். 32 அங்குலக் கட்டை அதில் நுழையாது. அதைவிட முக்கியமானது எடை. மரம் ஒரே சீராக இருக்காது. ஒரு பக்கம் கணு, ஒரு பக்கம் ஈரம். சமன் இல்லாத கட்டை சுற்றும்போது இலேசான இயந்திரம் தரையில் நடக்க ஆரம்பித்துவிடும், உளியும் கையில் துள்ளும். 210 கிலோ இரும்பு அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்கிறது. வயதானவனுக்குப் பெரிய லேத்தான் பாதுகாப்பு.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 16 அங்குல வட்டக் கட்டை நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. உடைந்து தெறித்தால் முகத்துக்குத்தான் வரும். அதனால் பெரிய கட்டைக்கு வேகத்தைக் குறைத்து வைக்கிறேன், முகமூடிக் கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடுவதில்லை. பின்கட்டுக்குப் போகுமுன் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டுக் கால்சட்டை. கழுத்துச் சங்கிலியும் மோதிரமும் வீட்டம்மாவிடம். அவள் பயம் நியாயமானது. ஆகவே நான் கடையும் நேரம் அவள் கூடத்தில் விழித்திருக்கும் நேரம் மட்டும்.

மற்றவர்கள் கேட்பது பயத்தினால் அல்ல. படித்து, உத்தியோகம் பார்த்து, பென்ஷன் வாங்குகிறவன் மரத்தூளில் நிற்கலாமா என்பதுதான் அந்தக் கேள்வியின் உள்ளே இருப்பது. நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'மெத்தியே' என்று ஒரு சொல் சொல்லிக் கொடுத்தார்கள். கையில் ஏறிய தொழில் என்று பொருள். பாடப்புத்தகத்தில் கொல்லன், தச்சன், கடைசல்காரன் எல்லாருடைய படமும் இருந்தது. பெயர்களை ஒப்பித்தோம். ஓர் உளியைக் கூட எங்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை. அதே பிரான்சில்தான் ப்ளூமியே என்ற துறவி 1701-இல் கடைசல் கலைக்கென்றே ஒரு பெரிய நூலை அச்சிட்டார். தாவரவியலிலும் பெரிய ஆள். நம் ஊரில் பூத்து நிற்கும் ஈழத்தலரிக்குத் தாவரவியல் பெயர் 'ப்ளூமேரியா', அவர் பெயரால் வந்தது. ருஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் அரண்மனையிலேயே கடைசல் பட்டறை வைத்திருந்தார். சக்கரவர்த்திக்கு வராத வெட்கம் ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு ஏன் வர வேண்டும்?

இவ்வளவு கோபமாக எழுதுகிறேனே, இதில் என் பங்கும் உண்டு. எண்பதுகளில் ஓர் அலுவலகத்தில் கைவினைஞர் கடன் மனுக்கள் என் மேசைக்கு வரும். ஒரு கடைசல்காரர் மோட்டார் வைத்த லேத் வாங்க மனு போட்டிருந்தார். அவர் பட்டறையை நான் பார்த்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்து உளியைக் கால்விரலால் அணைத்துப் பிடித்துக் கடைவார். எதிரே அவருடைய பையன் கட்டையில் சுற்றிய கயிற்றை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருப்பான். பத்து வயது இருக்கும். அந்த நேரத்தில் அவன் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டும். மோட்டார் வந்தால் பையனுக்கு விடுதலை. மின் இணைப்புக்கு வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் இல்லை என்று மூன்று முறை கோப்பைத் திருப்பினேன். "உரிய சான்று இணைக்கப்படவில்லை." என் கையெழுத்து நன்றாக இருக்கும், எல்லாரும் பாராட்டுவார்கள். மூன்றாம் முறை, "ஐயா, நீங்களே ஒரு வார்த்தை சொன்னா அவர் குடுத்துடுவாரு" என்றார். சொந்தக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். நான் சொல்லவில்லை. மார்ச் முடிந்தது, திட்டமும் முடிந்தது. விதிப்படி நான் செய்தது சரி. அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. போய்க் கேட்டேன், அவரை அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இப்போது கடைசல்காரன் எங்கே என்று தச்சர் கேட்கும்போது, கோப்பைத் திருப்பியவன் நான்தான் என்று எப்படிச் சொல்வது?

ஒன்பதில் நான்கு கால்கள் முடிந்துவிட்டன. முதல் இரண்டும் விறகுக்குப் போயின, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய காலைப் பக்கத்தில் கிடத்தி, காலிப்பரால் ஒவ்வொரு குமிழாக அளந்து கடைகிறேன். காலடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு மெல்லிய கழுத்து வருகிறது. அந்த இடத்தில் என் கை இன்னும் நடுங்குகிறது.

தேக்கு விலை கட்டுப்படியாகாது. பழகுவதற்குப் பூவரசு போதும், உளிக்கு இதமான மரம். தானே அடித்தபோது தெருவெல்லாம் சாய்ந்து கிடந்தது, அத்தனையும் விறகாகப் போனது. உங்கள் வீட்டுப் பக்கம் பூவரசோ வாகையோ விழுந்தால், விறகுக்கடைக்குச் சொல்லுமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெட்டிய இரு முனைகளிலும் மெழுகு தடவி வையுங்கள், இல்லையென்றால் வெடித்துவிடும். வண்டி வாடகை என்னுடையது.