குருத்தைக் கிள்ளாதே! குருத்தை விற்காதே!

காலையில் ஓர் ஊசி. உணவுக்கு முன் ஓர் ஊசி. உறங்கப் போகுமுன் ஓர் ஊசி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் புத்தகச் சுமையோடு மருந்துச் சுமையும்! ஊசி தவறினால் உயிருக்கு ஆபத்து, மிகுந்தாலும் ஆபத்து. முதல் வகை நீரிழிவு என்று மருத்துவர்கள் பெயரிட்டிருக்கும் கொடுமை இது. பிள்ளை செய்த தவறல்ல, பெற்றவர் செய்த பிழையல்ல, முன்வினைப் பயனுமல்ல. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை, உடலைக் காக்க வேண்டிய படையே பகையென்று எண்ணி அழித்துவிடுகிறது. வேலியே பயிரை மேய்கிறது!

அழிந்துபோன அந்த அணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, மீண்டும் உடலுக்குள் வைக்க முடியுமா? நேற்று வரை இது கனவு. 2025 ஜூனில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒரு சேதியை வெளியிட்டது. கொடிய நிலையிலிருந்த 12 நோயாளிகளுக்கு அவ்வாறு வளர்த்த அணுக்கள் முழு அளவில் செலுத்தப்பட்டன. ஓராண்டு முடிவில் அவர்களில் 10 பேர் இன்சுலின் ஊசியே போடாமல் வாழ்ந்தனர். பன்னிரண்டில் பத்து! மந்திரமல்ல, மாயமல்ல, மனித அறிவு ஈட்டிய வெற்றி!

குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். புது அணுக்களை உடல் விரட்டிவிடாதிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை அவர்கள் தொடர்ந்து உண்ணவேண்டும். அந்த மருந்துக்கும் ஆபத்து உண்டு. முழு வெற்றிக்கு இன்னும் வழி இருக்கிறது. ஆனால் வழி தெரிந்துவிட்டது. அந்த வழியை அடைக்க முயன்றவர்கள் யார், அந்த வழியில் கடை விரித்தவர்கள் யார் என்பதைத் தொழிலாளத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

‘ஸ்டெம் செல்’ என்று மேலை நாட்டார் சொல்வதைக் குருத்தணு என்கிறோம். வாழைக் குருத்தைப் பாருங்கள். சுருண்டிருக்கும்போது ஒரு கூர். விரிந்தால் பந்தி போடும் இலை! அதுபோல, இன்னும் எதுவாகவும் ஆகாமல், எதுவாகவும் ஆகும் ஆற்றலைச் சுருட்டி வைத்திருக்கும் அணு குருத்தணு. நரம்பாகும், தசையாகும், இதயமாகும், கணையமாகும். வளர்ந்த மனிதனின் எலும்பு மஜ்ஜையிலும் ஒருவகைக் குருத்தணு உண்டு. அது இரத்தத்தை மட்டும் ஆக்கித் தரும். கருவின் முதல் நாட்களில் உள்ளதோ உடல் முழுதையும் ஆக்கவல்லது.

1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் என்ற அறிஞர், மனிதக் கருவிலிருந்து குருத்தணுவைப் பிரித்தெடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்டினார். எந்தக் கரு? தாயின் வயிற்றில் வளர்ந்ததல்ல. பிள்ளைப்பேறு வேண்டிச் சோதனைக்குழாய் மருத்துவத்தை நாடிய தம்பதியர், தம் தேவைக்குப் போக எஞ்சியதை மனமுவந்து ஆராய்ச்சிக்குக் கொடுத்த கரு. அகவை ஐந்தாறு நாள். ஊசிமுனை அளவு. நரம்பில்லை, துடிப்பில்லை, வலியறியும் புலனில்லை. பயன்படாது போனால் குப்பைக் கூடைக்குப் போவது!

உடனே எழுந்தது கூக்குரல். “உயிர்க்கொலை!” என்றனர் சமய பீடத்தினர். 2001 ஆகஸ்டு 9ஆம் நாள் குடியரசுத் தலைவர் புஷ் ஆணையிட்டார்: அன்றுவரை பிரித்தெடுத்த அணுவரிசைகளை ஆராய்வதற்கு மட்டுமே அரசுப் பணம், புதிதாகப் பிரித்தெடுப்பவற்றுக்கு ஒரு காசும் கிடையாது! அந்தத் தடையைத் தளர்த்த நாடாளுமன்றம் 2006இல் சட்டம் இயற்றியது. தம் தடுப்பு அதிகாரத்தை முதன்முறையாக வீசி அதை முறித்தார். 2007இல் மீண்டும் இயற்றியது, மீண்டும் முறித்தார்.

இதன் விளைவு என்ன? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தவளைக் கருவை ஆராய்ந்துகொண்டிருந்தவர் டக்ளஸ் மெல்ட்டன். ஆறு மாதக் கைக்குழந்தையாயிருந்த அவர் மகனுக்கு முதல் வகை நீரிழிவு கண்டது. தவளையை விட்டார், கணையத்தைத் தொட்டார். பின்னாளில் மகளையும் அதே நோய் பற்றிற்று. இரு பிள்ளைகளின் தந்தை, விஞ்ஞானி, வழி தெரிந்தவர் — அவருக்கும் தடை! அரசுப் பணத்தில் வாங்கிய கருவிகளைப் புதிய அணுவரிசைக்குப் பயன்படுத்தலாகாது. ஆகவே தனியார் நன்கொடை திரட்டித் தனி ஆய்வுக்கூடம் அமைத்தார். 2004இல் 17 புதிய அணுவரிசைகளை உருவாக்கினார். உருவாக்கியதைப் பூட்டி வைத்தாரா? ஆராய்ச்சி செய்வோர்க்கெல்லாம் வழங்கினார்! 2014இல் அவர் குழுவினர் குருத்தணுவிலிருந்து இன்சுலின் சுரக்கும் அணுக்களை ஏராளமாக வளர்த்துக் காட்டினர். அந்தப் பாதைதான் பன்னிரண்டில் பத்துப் பேரிடம் வந்து சேர்ந்தது.

தடை நீங்கியது 2009 மார்ச்சில், ஒபாமா வந்த பிறகு. இழந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்? ஆனால் கலிபோர்னியா மாநில மக்கள் அதுவரை காத்திருக்கவில்லை. 2004 தேர்தலில் வாக்குச்சீட்டிலேயே கேள்வி வைக்கப்பட்டது. இந்த ஆராய்ச்சிக்கு 300 கோடி டாலர் கடன்பத்திரம் திரட்டலாம் என்று பெரும்பான்மை மக்கள் தீர்ப்பளித்தனர். மேல்மாடத்தில் தயக்கம், தெருவில் தெளிவு!

கருவை மதிக்கிறோம் என்பவர்களைக் கேலி செய்வது நம் நோக்கமல்ல. உயிரை மதிக்கும் உள்ளம் நல்ல உள்ளமே. அவர்களிடம் பணிவோடு ஒன்று கேட்கிறோம். அந்த எஞ்சிய கரு எந்தத் தாயின் வயிற்றுக்கும் போகப் போவதில்லை. உறைபெட்டியில் கிடந்து ஒருநாள் எறியப்படுவதா, அல்லது பெற்றோர் ஒப்புதலோடு ஒரு பிள்ளையின் நோய் தீர்க்கும் ஆராய்ச்சிக்கு உதவுவதா? எது மதிப்பு? இறந்தவரின் கண்ணைப் பெற்று இருப்பவருக்கு ஒளி கொடுப்பதை அறம் என்கிறோமே! எல்லையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கருவை ஆய்வுக்கூடத்தில் 14 நாட்களுக்கு மேல் வளர்க்கலாகாது என்று 1990இல் பிரிட்டன் சட்டம் செய்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறையும் அதே எல்லையை வகுத்திருக்கிறது. எல்லை வகுப்பது அறம். வாசலையே அடைப்பது அறமன்று.

“ஜப்பானில்தான் வேறு வழி கண்டுவிட்டார்களே, கரு எதற்கு?” என்பாரும் உண்டு. உண்மைதான். கியோத்தோ நகரின் யாமனாகா, 2006இல் எலியின் முதிர்ந்த தோல் அணுவுக்குள் நான்கே மரபணுக்களைச் செலுத்தி, அதை மீண்டும் குருத்தாக்கினார். மறு ஆண்டே மனித அணுவிலும் வென்றார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அந்த நான்கை எங்கிருந்து பொறுக்கினார்? கருவின் குருத்தணுவை ஆராய்ந்து அறிந்த 24 மரபணுக்களிலிருந்து! ஏணியின் மேற்படியில் நின்று கொண்டு கீழ்ப்படி வீண் என்று சொல்லலாமா?

இவ்வளவு சொல்வதால், வெள்ளை அங்கி அணிந்தவர் எல்லாம் அப்பழுக்கற்றவர் என்று எண்ணிவிட வேண்டாம். தென்கொரியாவில் ஹ்வாங் வூ-சுக் என்றொரு பேராசிரியர். நோயாளியின் அணுவைக் கொண்டே நகல் கருவும் குருத்தணுவும் ஆக்கினேன் என்று 2004, 2005 ஆண்டுகளில் கட்டுரை எழுதினார். நாடே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. 2006 ஜனவரியில் குட்டு வெளிப்பட்டது. அத்தனையும் புனைவு! அந்தப் பொய்க்காகப் பெண்களின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட கருமுட்டைகள் 2,000க்கும் மேல். பணம் கொடுத்துப் பெற்றவை உண்டு. அவருடைய ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த இளம்பெண்கள் கொடுத்தவையும் உண்டு. தோழர்களே, மேலாளர் கேட்டால் கீழே உள்ளவர் “மாட்டேன்” என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை ஆலைத் தொழிலாளியிடம் விளக்க வேண்டுமா? ஊசிமுனை அணுவுக்கு ஆன்மா உண்டா என்று உலகம் வாதாடிக்கொண்டிருந்தது. உயிரும் உணர்வுமுள்ள பெண்ணிடம் உண்மையான ஒப்புதல் பெறப்பட்டதா என்று கேட்க ஆளில்லை! அறத்தின் கேள்வி அங்கேயன்றோ தொடங்க வேண்டும்?

அயல்நாட்டை விட்டு நம் தெருவுக்கு வருவோம். “ஆட்டிசமா? குருத்தணு ஊசி! முடக்குவாதமா? குருத்தணு ஊசி! முதுமையா? அதற்கும் அதே ஊசி!” என்று விளம்பரம் செய்யும் பேர்வழிகள் பெருகிவிட்டனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறை என்ன சொல்கிறது? இரத்தம் தொடர்பான சில நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றம் போன்றவை மட்டுமே நிலைபெற்ற மருத்துவம். மற்றவையெல்லாம் முறைப்படி அனுமதி பெற்ற சோதனைகளே. சோதனைக்கு உடன்படும் நோயாளியிடம் காசு வாங்கலாகாது! அப்படியிருக்க, தாலியை அடகு வைத்துக் கொண்டு வந்த பணத்தை வாங்கிக்கொண்டு ஊசி போடுகிறவனுக்கு என்ன பெயர்? மருத்துவனா, மோசக்காரனா?

இன்னொரு கடை, மகப்பேறு மருத்துவமனையின் வாசலிலேயே இருக்கிறது. “உங்கள் பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமியுங்கள், நாளை நோய் வந்தால் அதுவே காக்கும்” என்று, பிரசவ அச்சத்திலிருக்கும் தாயிடம் தவணைத் திட்டம் நீட்டுகிறார்கள். தொப்புள்கொடி இரத்தம் உயிர் காக்கும் என்பது மெய்யே. 1988இல் பாரிசில், தங்கையின் தொப்புள்கொடி இரத்தத்தால் அண்ணனின் இரத்தநோய் தீர்க்கப்பட்டது. ஆனால் காத்தது யாருடைய இரத்தம்? அவனுடையதல்ல, தங்கையுடையது! பரம்பரை நோய் உள்ள பிள்ளைக்கு அதன் சொந்த இரத்தத்திலும் அதே பழுது இருக்குமே! தன் பிள்ளைக்கென்று தனியாரிடம் சேமித்து வைப்பதற்குத் தக்க அறிவியல் ஆதாரமில்லை என்று கழகமே சொல்லிவிட்டது. கடன்பட்டுக் கட்டும் தவணை காப்பல்ல. கண்ணைக் கட்டும் வித்தை.

போலி கண்டு மனம் சலித்தவர்கள் வேலூரைப் பாருங்கள். அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐவரின் சொந்த இரத்தக் குருத்தணுக்களை எடுத்து, குறையான மரபணுவுக்கு ஈடு செய்து, திரும்பச் செலுத்தினர். முறையான சோதனை, முறையான ஒப்புதல். 2024 டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. தொடர்ந்து கவனித்த காலம் முழுவதும் ஐவரில் ஒருவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை. ஐவர் மட்டுமே என்று அவர்களும் அடக்கமாகத்தான் சொல்கிறார்கள். மெய்யான விஞ்ஞானத்துக்கு அடக்கம் உண்டு; போலிக்குத்தான் ஆரவாரம்!

கடைசியாக, விலை. இன்சுலினைக் கண்ட பாண்டிங்கும் துணைவர்களும் 1923இல் அதன் உரிமையை டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தனர். மெல்ட்டனின் ஆராய்ச்சி வழியே தோன்றிய நிறுவனமோ 2019இல் 95 கோடி டாலருக்குக் கைமாறியது. ஒரு டாலர் எங்கே, 95 கோடி டாலர் எங்கே! முதல் போட்டவன் கணக்குப் பார்ப்பான்; அது முதலாளியின் இயல்பு. ஆனால் முதல் போட்டவன் அவன் மட்டுமா? கருவைக் கொடுத்த தம்பதியர் காசு கேட்கவில்லை. உடலைச் சோதனைக்குக் கொடுத்த நோயாளி பங்கு கேட்கவில்லை. அடிப்படை அறிவை வளர்த்த பல்கலைக்கழகங்களில் மக்களின் வரிப்பணம் இருக்கிறது. எல்லோரும் விதைத்ததை ஒருவர் அறுப்பதா? அரசு ஒதுங்கி நின்றால் ஆராய்ச்சி நிற்காது, தோழர்களே, சந்தைக்குப் போகும்! தடை போட்டவர் அறத்தைக் காக்கவில்லை; பொதுச் சொத்தாக வேண்டியதைத் தனிச் சொத்தாக்க வழி திறந்தார்.

ஆகவே ஆட்சியாளரைக் கேட்கிறோம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குங்கள். பொதுப்பணம் பெற்ற ஆராய்ச்சியின் பலன் பொதுமருத்துவமனையில் கிடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். போலி ஊசிக்காரர்களைச் சட்டத்தின் முன் நிறுத்துங்கள்.

தோழர்களையும் கேட்கிறோம். விளம்பரத்தை நம்பி வீட்டை விற்கப் போகும் அண்டை வீட்டாரைத் தடுத்து, அரசு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சோதனை என்று சொல்லிக் கட்டணம் கேட்டால், “அனுமதி எங்கே?” என்று கேளுங்கள். இளைஞர்களே, இரத்தக் குருத்தணுக் கொடையாளர் பட்டியலில் உங்கள் பெயரைப் பதியுங்கள். முகமறியாத ஒருவரின் பிள்ளைக்கு உங்கள் இரத்தம் பொருந்தலாம்.

குருத்தைக் கிள்ளுகிறவனும் பகைவன். குருத்தை விற்கிறவனும் பகைவன். அது விரிந்து இலையாகட்டும்! அந்த இலையில் ஏழையின் பிள்ளைக்கும் சோறு விழட்டும்!