கத்தியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு

பையில் ஒரு கத்தியைப் போட்டுக்கொண்டு போ என்று பெண்களிடம் சொல்வது போடிக்காரர்களான எங்களுக்கு எப்போதும் சுலபமாக இருந்திருக்கிறது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் அந்தக் கூட்டு வல்லுறவுக் கொடுமை நடந்தபோது சொன்னோம். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டபோது மறுபடி சொன்னோம். டீக்கடையில் சொன்னோம், கல்யாணப் பந்தியில் சொன்னோம், மிளகாய்ப்பொடியை எப்படி வீசுவது என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினோம். அதோடு எங்கள் பங்கு முடிந்தது என்று வீட்டுக்குப் போய்த் தூங்கினோம்.

யாரிடம் சொன்னோம் என்று பார்த்தால்தான் வெட்கம் வருகிறது. விடியுமுன் எங்கள் ஊரிலிருந்து ஜீப்புகள் கிளம்பும். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு செக்போஸ்ட்டைக் கடந்தால் கேரளம். அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பஞ்சோலை என்று ஏலத்தோட்டங்களுக்குப் பிரிந்து போகும். ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, அட்டைக்கடிக்கு ஒரு பொட்டலம் உப்பு. பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினைந்து, இருபது பேர். கடைசியாக ஏறும் சின்னப் பெண்ணுக்கு டிரைவருக்குப் பக்கத்தில், கியர் கம்பியை ஒட்டித்தான் இடம் இருக்கும். அந்த இடத்துக்கு ஏன் யாரும் ஆசைப்படுவதில்லை என்பது ஜீப்பில் போகும் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். வண்டி எங்களுடையது. ஓட்டுகிறவன் எங்கள் பையன். தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவரும் எங்களில் ஒருவர்தான்.

இப்படிக் கத்தி, ஸ்ப்ரே என்று அளந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், பல வருஷமாக மலையேறும் பெரியம்மா ஒருவர் குறுக்கே வந்தார். "கத்தி எங்ககிட்ட இல்லாமலா கெடக்கு தம்பி? களை வெட்டுற அன்னிக்குப் பொழுதுக்கும் அருவா கையிலதான இருக்கு. அத ஓங்குனா மறுநா யாரு வேலைக்குக் கூப்புடுவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். மிளகுக்கொடி படரும் மலையில் மிளகு பறிக்கிற பெண்ணிடம் பெப்பர் ஸ்ப்ரே வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தோம் நாங்கள்.

சட்டத்தைக் காட்டி இந்தப் பேச்சிலிருந்து நழுவவும் முடியாது. ஆயுதச் சட்ட விதிகள் கைப்பிடிக்குள் அடங்கும் கத்தியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுதான் அவற்றின் கணக்கில் வருகிறது. அதிலும் வீட்டு வேலை, விவசாய வேலைக்கென்றே செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. தற்காப்பு உரிமையும் இருக்கிறது. வல்லுறவு நோக்கத்தோடு தாக்குகிறவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் குற்றமில்லை என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதே பாதுகாப்பு பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆம் பிரிவில் இருக்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2012இல் மதுரையில், பெற்ற மகளிடமே முறைகேடாக நடக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை, அன்றைய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க் தற்காப்பு என்று ஏற்று விடுவித்தார். 2021 ஜனவரியில் சென்னையை அடுத்த சோழவரத்தில், கத்தியைக் காட்டி மிரட்டியவனின் கத்தியையே பிடுங்கிக் குத்திய இளம்பெண்ணும் அப்படித்தான் விடுவிக்கப்பட்டார். இரண்டு செய்தியையும் நாங்கள் கைதட்டி வாசித்தோம். கைதட்டியதில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டோம். ஒருத்தியின் எதிரி தாலி கட்டியவன், இன்னொருத்தியின் எதிரி உறவுக்காரன். இரண்டு பெண்களுமே கத்தியோடு தயாராகக் கிளம்பியவர்கள் அல்லர். ஒருத்திக்கு மட்டை அகப்பட்டது, மற்றவளுக்கு அவனுடைய கத்தி. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டுக்கு ஆண்டு, வல்லுறவு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவனாகவே இருக்கிறான். இருட்டில் பாயும் முகம் தெரியாதவனுக்காகக் கத்தி தீட்டச் சொல்லிக்கொண்டிருந்தோம். முகம் தெரிந்தவர்களோ எங்கள் கூடவே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

(கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற சின்னக் கைத்துப்பாக்கியை வெளியிட்டது. அரைக் கிலோ எடை, அப்போதைய விலை 1,22,000 ரூபாய்க்குப் பக்கம். காய் எடுக்கப் போகும் பெண் ஏறக்குறைய ஒரு வருஷக் கூலியைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் வாங்கலாம். உரிமத்துக்கு அலைவது தனிக்கணக்கு.)

போடிமெட்டிலிருந்து மூணாறு சாலையில் போய்ச் சற்றே உள்ளே திரும்பினால் சூரியநெல்லி. 1996 ஜனவரியில் அந்த ஊர்ப் பள்ளி மாணவி ஒருத்தியை, அவளுக்குப் பழக்கமான பேருந்து ஊழியன் ஒருவன் நைச்சியமாகப் பேசி அழைத்துப் போனான். அவளுக்கு அப்போது 16 வயது. அடுத்து அவள் சிக்கியது ஒரு வழக்கறிஞரிடம். 40 நாட்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்கள். தமிழ்நாட்டு எல்லையையும் தாண்டி அந்தப் பயணம் நடந்தது. பேருந்தில் ஏறியிருக்கிறாள், லாட்ஜ்களில் தங்க வைக்கப்பட்டிருக்கிறாள். பெயர் எழுதிக்கொண்டவர்கள், டிக்கெட் கொடுத்தவர்கள், காபி கொண்டுவந்தவர்கள், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். எங்களைப் போன்றவர்கள்தானே அவர்களெல்லாம்.

2000இல் தனி நீதிமன்றம் 35 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2005இல் கேரள உயர் நீதிமன்றம் ஒருவரைத் தவிர அத்தனை பேரையும் விடுவித்தது. தப்பிக்க வாய்ப்பிருந்தும் அவள் ஏன் ஓடவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் பெரிய கேள்வியாக இருந்தது. 2013 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2014 ஏப்ரலில் 24 பேரின் தண்டனை உறுதியானது. வழக்கு தொடங்கி 18 வருஷம். இதற்கிடையே அந்தக் குடும்பம் சூரியநெல்லியில் இருக்க முடியாமல் வேறு ஊருக்குப் போய்விட்டது.

நீதிபதிகளைத் திட்டுவது எளிது. ஆனால் 'ஏன் ஓடவில்லை' என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போகுமுன் எங்கள் தெருக்களில் புழங்கியது. மலையின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பெரியவர்கள், படித்தவர்கள், பெண்கள் உட்படக் கேட்டார்கள். கத்தியைப் பற்றி எங்களுக்கு உள்ள பயமும் இங்கேதான் இருக்கிறது. எல்லாப் பெண்களும் கத்தி வைத்திருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்டால், நாளைக்குக் கூண்டில் நிற்கிறவளிடம் ஒரு கேள்வி கூடும். பையில் கத்தி இருந்ததா? இருந்தால் ஏன் எடுக்கவில்லை? எடுக்கவில்லை என்றால் சம்மதம்தானே? இல்லையென்றால் அவ்வளவு அலட்சியமா? ஓடாத கால்களை விசாரித்த ஊர், எடுக்காத கையையும் விசாரிக்கும்.

மலையிறங்கிப் பாலக்காட்டுப் பக்கம் போனாலும் இதே கதைதான். 2011 பிப்ரவரி 1, எர்ணாகுளம் – ஷொர்ணூர் பயணிகள் ரயில். மறுநாள் தன் நிச்சயத்துக்காக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த 23 வயதுப் பெண், மகளிர் பெட்டியில் தனியாக இருந்தபோது தாக்கப்பட்டார். குற்றவாளி தமிழ்நாட்டுக்காரன். பிப்ரவரி 6 அன்று அந்தப் பெண் இறந்தார். பக்கத்துப் பெட்டியில் இருந்தவர்களுக்கு அலறல் கேட்டிருக்கிறது. சங்கிலியை இழுக்கலாம் என்று இரண்டு பேர் எழுந்திருக்கிறார்கள். வாசலில் நின்ற நடுவயது ஆள் ஒருவர், பெண் குதித்து ஓடிவிட்டாள், எதற்கு எல்லோரும் கோர்ட் வாசலில் நிற்க வேண்டும் என்று தடுத்துவிட்டார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. அவர் யார் என்று நாங்கள் தேடவில்லை. தேட அவசியமும் இல்லை. சாட்சி சொல்லப் போனால் ஒரு நாள் போய்விடும் என்று எத்தனை பஞ்சாயத்தில் நாங்களே சொல்லியிருக்கிறோம்!

செய்ய வேண்டியவை எங்களுக்குத் தெரியாமலும் இல்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், காலை 6 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது. நர்சுகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் விலக்கு. ஆனால் நாலரை மணி இருட்டில் தெருமுனையில் ஜீப்புக்கு நிற்பதை அந்தச் சட்டம் வேலையாகக் கருதவில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் யாருடைய பொறுப்பு? தோட்ட முதலாளி எங்களைக் கைகாட்டினார், நாங்கள் அவரைக் கைகாட்டினோம். அந்த நேரத்துக்கு ஒரு அரசுப் பேருந்து கேட்டு நாங்கள் ஊரைக் கூட்டிப் போராடியதில்லை. பேருந்து வந்தால் ஜீப்புக்கு ஆள் குறையும். தெருமுனையில் ஒரு விளக்குக்கு மனு கொடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மேலே தங்கி வேலை செய்யும் பெண்களின் லைன் வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. தோட்டத்தில் கழிப்பறை இல்லாமல் செடிமறைவுக்கு ஒதுங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது வீட்டுப் பெண்கள் சொல்லித் தெரியும். கேட்டுக்கொண்டே சாப்பிட்டோம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறைவான வேலையிடங்களுக்கும், முதலாளியே குற்றம் சாட்டப்பட்ட வழக்குகளுக்கும் மாவட்டத்துக்கு ஒரு குழுவை ஏற்படுத்தியிருக்கிறது. தோட்டங்கள் இருக்கும் இடுக்கி மாவட்டக் குழுவின் எண்ணை எங்கள் ஜீப் ஒன்றில்கூட ஒட்டியதில்லை. குற்றம் மேலே நடந்தது, புகார்க்காரி கீழே இருக்கிறாள் என்று எல்லையைக் காரணம் காட்டினால், எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது என எடுத்துச் சொல்லக் கூடப் போவதற்கும் ஆளில்லை. இரண்டு மாநிலம், இரண்டு பாஷை, இரண்டு போலீஸ் என்று சொல்லிக் கொடுத்து, புகாரைக் கைவிடச் செய்தவர்களே அதிகம்.

அக்கறை காட்டத் தெரியாத ஊரா நாங்கள்? 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது, எந்த லாட்டுக்கு என்ன விலை என்று ஏலம் முடியுமுன்னே ஊருக்கே தெரிந்தது. சூரியநெல்லிக்குப் பக்கத்துச் சின்னக்கானலில் 2023 ஏப்ரல் 29 அன்று அரிக்கொம்பன் யானைக்கு மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதக் கடைசியில் கம்பம் தெருவுக்குள் வந்ததும் 144 தடை போட்டார்கள். அந்த ஒரு மாதமும் அது எந்த ஓடையில் தண்ணீர் குடிக்கிறது என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொண்டோம். சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்க வேண்டிய ஜீப் எட்டு மணிக்கும் வரவில்லையென்றால், எங்கே நிற்கிறது என்று வீட்டுக்காரர்களைத் தவிர யாரும் கேட்பதில்லை.

பெண்கள் தாங்களாகச் சேர்ந்தபோது என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று கூடி, கட்சித் தலைவர்களையும் தொழிற்சங்க ஆண்களையும் கிட்டே சேர்க்காமல் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில் 20 சதவீத போனஸ் கிடைத்தது. எவர் கையிலும் கத்தி இல்லை. கூட்டமாக இருந்ததால் யாரும் அவர்கள்மேல் கை வைக்கத் துணியவில்லை. 2017 ஏப்ரலில், அன்றைய கேரள அமைச்சர் எம்.எம். மணி அந்தப் போராட்டக்காரிகளைப் பற்றித் தரக்குறைவாகப் பேசினார் என்று எதிர்ப்பு கிளம்பியது, அவர் வருத்தம் தெரிவித்தார். ஆனால் அந்தப் பேச்சு எங்கள் பக்கத்து டீக்கடைகளில் எப்படிச் சிரித்துக்கொண்டு திரும்பச் சொல்லப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும். சிரித்தவர்கள் வீட்டுப் பெண்களும் மறுநாள் காலை ஜீப் ஏறினார்கள்.

கத்தி கூடாது என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை. வைத்துக்கொள்ள நினைக்கிறவள் வைத்துக்கொள்ளட்டும், அது அவள் முடிவு. எடுத்து ஒருவனைக் குத்திவிட்டால், 38ஆம் பிரிவு தன்னைக் காக்கும் என்று நிரூபிக்க அவளுக்கு வக்கீல் வேண்டும், கோர்ட்டுக்கு அலையும் நாட்களுக்குக் கூலி வேண்டும். கத்தி வாங்கச் சொன்ன எவரும் அதற்கு ஒரு ரூபாய் ஒதுக்கியதில்லை.

சமீபத்தில் ஜீப்காரர்கள் சிலரைக் கூட்டி உட்கார வைத்து ஒன்றைக் கேட்டோம். டிரைவர் பக்கத்துச் சீட்டில் இனி பெண் யாரையும் உட்கார வைக்க வேண்டாம், அங்கே ஆண் உட்காரட்டும், ஆண் இல்லாத நாளில் அது காலியாகப் போகட்டும். மாமா, மச்சான் என்று கூப்பிட்டுத்தான் கேட்டோம். கோபப்படவில்லை. ஒரு சீட் காலியாகப் போனால் ஒரு நடைக்கு எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு, டீசல் எவ்வளவு என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் காசை ஊர்ப்பொதுவில் கொடுத்துவிடலாமே என்று ஒருவர் ஆரம்பித்தார். கோயில் கணக்கில் எடுக்க முடியாது என்றார் இன்னொருவர். தோட்டக்காரர்கள் கொடுக்கட்டும் என்றார் மூன்றாமவர். அடுத்த கூட்டத்துக்கு இன்னும் தேதி வைக்கவில்லை.