பழைய மடிக் கணினியைத் தூக்கி எறிய வேண்டுமா?

மயிலாப்பூரிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலும் பல வீடுகளில் இப்போது ஒரு புதுக் கவலை!

பிள்ளையின் படிப்புக்காகத் தவணை கட்டி வாங்கிய மடிக் கணினி. திரை பளிச்சென்று இருக்கிறது. தட்டினால் எழுத்து விழுகிறது. ஒரு குறையும் இல்லை. ஆனாலும், "இது காலாவதி ஆகிவிட்டது, புதுசு வாங்குங்கள்" என்கிறார்கள்.

காலாவதி ஆனது கணினி அல்ல. அதன் உள்ளே இருக்கும் விண்டோஸ் 10.

விண்டோஸ் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி அதைத் தயாரிக்கிறது. இணையத் திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளை அந்தக் கம்பெனி மாதந்தோறும் அடைத்து வந்தது. விண்டோஸ் 10-க்கு அந்த வேலையை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. பதிவு செய்து கொண்ட வீட்டுக்காரர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டு பாதுகாப்பு என்று அறிவித்தது.

"விண்டோஸ் 11-க்கு மாறினால் என்ன?" என்று கேட்கலாம். மாறலாம், கணினி இடம் கொடுத்தால்! அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கம்பெனியின் சில்லில் ஓடும் கணினி என்றால், அது பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை கடைக்கு வந்ததே 2017-ல்தான். அதற்கு முன் வாங்கியவர்களுக்குக் கதவு அடைப்பு!

இன்னொரு கதவு

இன்னொரு கதவு திறந்தே இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ்.

1991-ல் பின்லாந்து நாட்டில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது கல்லூரி மாணவர் ஆரம்பித்து வைத்தது. இதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் படிக்கலாம். திருத்தலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம். காசு கிடையாது. அதனால்தான் இதைத் திறந்த மூல மென்பொருள் என்கிறார்கள்.

இது சென்னைக்குப் புதிதல்ல. மத்திய அரசின் சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய "பாஸ்" என்ற லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது. தமிழிலும் வேலை செய்யும். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக் கணினித் திட்டத்தில், லட்சக்கணக்கான மாணவர் கைக்கு இந்த பாஸ் போய்ச் சேர்ந்தது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இதேபோல முடிவு வந்தபோது, "பாஸ் லினக்சுக்கு மாறுங்கள்" என்று அரசு தன் இலாகாக்களுக்குச் சொன்னது.

அப்புறம் என்ன ஆயிற்று? பல பிள்ளைகள் அதைக் கடைக்குக் கொண்டு போய், திருட்டு விண்டோஸைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்! குற்றம் பிள்ளைகளுடையது மட்டும் அல்ல. கணினி கைக்கு வந்தது. சொல்லிக் கொடுக்க ஆள் வரவில்லை. பிளஸ்-1 பாடப் புத்தகத்தில் உபுண்டு லினக்ஸ் இடம் பிடித்ததே 2018-ல்தான்.

எதை வாங்கலாம்?

இருக்கும் கணினியிலேயே லினக்ஸைப் போடுவதுதான் முதல் யோசனை. வாங்கித்தான் தீர வேண்டும் என்றால், அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ரிச்சி தெரு இருக்கிறது. கம்பெனிகள் சில ஆண்டுகள் உபயோகித்துவிட்டுக் கழித்துவிடும் கணினிகள் அங்கே குவிகின்றன. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லேட்டிட்யூட், எச்.பி.யின் எலைட்புக் ஆகிய மூன்றும் ஆபீஸ் உழைப்புக்கென்றே செய்தவை. உதிரி பாகம் கிடைக்கும். இவற்றில் பல மாடல்களை லினக்சுடன் ஓட்டிப் பார்த்தே சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். பளபளக்கும் மலிவு விலைப் புதுக் கணினியைவிட, கீறல் விழுந்த பழைய திங்க்பேட் பல வேளைகளில் மேல்!

பெரும்பாலும் தகராறு செய்வது வைஃபை சில்லுதான். இன்டெல் சில்லு என்றால் சிரமம் இல்லை. பிராட்காம் சில்லு என்றால், தனியாக ஒரு மென்பொருளைத் தேடிப் போட வேண்டி வரலாம். என்விடியா கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான். விளையாட்டு வேண்டாதவர்களுக்கு அது தேவையும் இல்லை. ரேம் 8 ஜி.பி. இருக்கட்டும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. இருந்தால் பத்து வயதுக் கணினியும் சுறுசுறுப்பாக எழுந்து நிற்கும்.

இதையெல்லாம் கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பி முடிவு செய்ய வேண்டியதில்லை. லினக்சில் ஒரு வசதி உண்டு. 8 ஜி.பி. பென் டிரைவில் அதை ஏற்றிக் கொண்டு போய், கணினிக்குள் எதையும் அழிக்காமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். புடவைக் கடையில் பிரித்துப் பார்க்காமல் யார் வாங்குகிறார்கள்? வைஃபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, காமிரா தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மூடியை மூடித் திறந்தால் விழித்துக் கொள்கிறதா என்பதும் முக்கியம். கால் மணி நேரம் போதும். "பென் டிரைவ் போடக் கூடாது" என்று சொல்லும் கடையை விட்டு நகர்ந்துவிடலாம்.

எல்லோருக்கும் லினக்ஸ் ஏற்குமா? இல்லை. டாலியில் கணக்கு எழுதும் தியாகராய நகர்க் கடைக்காரர், போட்டோஷாப்பில் படம் திருத்தும் ஸ்டூடியோக்காரர் ஆகியோருக்கு விண்டோஸ்தான் சௌகரியம். அந்த இரண்டும் லினக்சில் நேராக ஓடாது. ஆனால் பாடம் படிக்க, கடிதம் எழுத, மின்சாரக் கட்டணம் செலுத்த, வெளிநாட்டுப் பேரனின் முகம் பார்க்க இது தாராளமாகப் போதும். வேர்டு, எக்செல் வேலைகளுக்கு லிப்ரே ஆபீஸ் இலவசம். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு.

பணம் கொடுக்கும் முன், கணினியைத் தொடங்கி "பயாஸ்" பக்கம் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கம்பெனியின் ரகசியச் சொல் அதில் பூட்டாக இருந்தால், பிறகு திறப்பது பெரும்பாடு. பில்லும், சார்ஜரும் கேட்டு வாங்க வேண்டும். பழைய பேட்டரி எத்தனை நேரம் தாங்கும் என்பதைச் சொல்லிப் பயன் இல்லை. மாற்றுப் பேட்டரியின் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.