எண்ணூர்க் காற்றில் ஓட வேண்டிய கணினி

சிமுலேஷன் வேலைக்கென்றே 32 திரெட் உள்ள பிராசஸரைப் போட்டு வாங்கிய புதுக் கணினி. அதில் கட்டடத்தின் வெப்பத்தையும் எரிசக்தியையும் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் மென்பொருளின் கோப்பு ஒன்றை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், சிபியு பயன்பாடு 3 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. கணினியில் பழுது எதுவும் இல்லை. ஒரு திரெட் மூச்சுமுட்ட உழைக்கிறது, மற்ற 31 சும்மா இருக்கின்றன. பெரிய விலை கொடுத்துச் சேர்த்த கிராபிக்ஸ் கார்டுக்கும் வேலை இல்லை.

காரணம் கணக்கின் அமைப்பில் இருக்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் 2001-ல் வெளிவந்த எனர்ஜிபிளஸ், 2014-ல் ஃபோர்ட்ரானிலிருந்து சி பிளஸ் பிளஸுக்கு மாறியது. மொழி மாறினாலும் கணக்கு போகும் வழி மாறவில்லை. காலை 10:10-க்கு அறை எவ்வளவு சூடு என்று சொல்ல, 10:00 மணிக்குச் சுவரிலும் கூரையிலும் தேங்கியிருந்த வெப்பம் தெரிய வேண்டும். மணிக்கு 6 படி வீதம் 8,760 மணிக்கு 52,560 படிகள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. டிசைன்பில்டரில் வரைந்தாலும் ஓப்பன்ஸ்டுடியோவில் வரைந்தாலும் அடியில் ஓடுவது இதே எஞ்சின்தான்.

ஆகவே தனி ஒரு கோரின் வேகத்துக்கும் அதன் கேஷ் அளவுக்கும்தான் முதல் பணம் போக வேண்டும். கோர்களின் எண்ணிக்கை, பல ஓட்டங்களை ஒரே நேரத்தில் விடும்போது கைகொடுக்கும். ஆஷ்ரே 90.1 தரத்தின் பின்னிணைப்பு ஜி முறையில் ஒப்பீட்டுக் கட்டடத்தை 0, 90, 180, 270 டிகிரி என நான்கு பக்கம் திருப்பிச் சராசரி எடுக்க வேண்டும். உத்தேசக் கட்டடத்தையும் சேர்த்தால் 5 ஓட்டங்கள். ஓர் ஓட்டத்துக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் வரிசையாக ஓட்ட 100 நிமிடம் ஆகும். ஐந்து கோர்களில் ஒன்றாக விட்டால் அரை மணிக்குள் முடிந்துவிடும். 8 வேகமான கோர், இரண்டு சேனலிலும் பொருத்திய 32 ஜிபி ரேம், ஓர் என்விஎம்இ எஸ்எஸ்டி இருந்தால் சிறிய ஆலோசனை அலுவலகத்துக்குத் தாராளம். ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு 16 ஜிபியாக வாங்குவது முக்கியம்.

பகல்வெளிச்சக் கணக்குக்கு ரேடியன்ஸ் ஓட்டுபவர்களின் கதை வேறு. அது பல கோர்களையும் பயன்படுத்திக்கொள்ளும். அதன் ஆக்செலராட் வடிவத்துக்குக் கிராபிக்ஸ் கார்டு உண்மையிலேயே தேவை. திருவொற்றியூர்ப் பக்கத்து ஷெட்டுகளில் கூரை முகட்டு வழியே காற்று எப்படி வெளியேறுகிறது என்று ஓப்பன்ஃபோமில் பார்ப்பவர்களுக்குக் கோரோடு சேர்த்து மெமரி சேனல்களும் வேண்டும். அத்தகைய வேலை எப்போதோதான் வருகிறது என்றால் மும்பையிலோ ஐதராபாத்திலோ உள்ள கிளவுட் சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

இப்படி மிச்சமாகும் பணத்தை வடசென்னையில் எங்கே போடுவது என்பதுதான் இந்த இதழ் வாசகர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்படுவது 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் நின்று, நிலக்கரி எண்ணூருக்குப் போனது. ராயபுரத்துக்கு அது நிம்மதி. எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்துக்கோ கடலுப்பு, கரித்தூள், அனல்மின் நிலையப் புகையின் கந்தகம் மூன்றும் ஒரே காற்றில் வருகின்றன. அங்கே ஓராண்டு ஓடிய கேபினெட்டைத் திறந்தால் ஹீட்சிங்க் இடுக்குகளில் இருப்பது ஊதினால் பறக்கும் தூசி அல்ல. ஈரம் குடித்து, பிசுக்கேறி, விரலில் கறுப்பாக ஒட்டும் படலம். அதன் வழியே வெப்பம் வெளியேற முடியாமல் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கிளாக் வேகம் அங்கேயே கரைந்துபோகிறது.

போர்டின் மேல் நடப்பது இன்னும் மோசம். ஐரோப்பாவின் ரோஸ் விதி 2006-ல் ஈயப் பற்றவைப்பை ஒதுக்கிய பிறகு, சில போர்டுகளில் வெள்ளிப் பூச்சு வந்தது. கந்தகமும் ஈரமும் சேரும் இடத்தில் அது எளிதில் அரிக்கப்படும். கணினி அறையில் ஒரு மாத அரிப்பு செப்புத் தகட்டில் 300 ஆங்ஸ்ட்ராமுக்கும், வெள்ளித் தகட்டில் 200 ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று ஆஷ்ரே 2011-ல் வரையறுத்தது. அறையின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைப்பதும், உள்ளிழுக்கும் ஃபேன்களுக்கு வலைவடிகட்டி போட்டு அடிக்கடி கழுவுவதும், ஏசியை அணைத்த கையோடு கடல் பக்கத்து ஜன்னலைத் திறக்காமல் இருப்பதும் செலவு குறைந்த காப்பு.

அடுத்தது மின்சாரம். பாதியில் நின்ற ஓட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி எனர்ஜிபிளஸில் இல்லை. நவம்பர் மாதக் கணக்கில் கரண்ட் போனாலும் மறுபடி ஜனவரி 1-லிருந்துதான். நல்ல யுபிஎஸ்ஸைக் கணினி விலையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் வீடுகளுக்குள் புகுந்தது. அதைப் பார்த்த பின்பும் தரைத்தளத்தில் கேபினெட்டையும் பேக்கப் டிஸ்க்கையும் தரையிலேயே வைத்திருக்கும் அலுவலகங்கள் உடனே அவற்றை உயரத்துக்கு மாற்ற வேண்டும்.

கணினியை இப்படியெல்லாம் காத்தாலும் ஒரு குறை மிஞ்சும்: சிமுலேஷனில் சென்னைக்கென்று பலரும் பயன்படுத்தும் வானிலைக் கோப்பு மீனம்பாக்கத்தினுடையது. ராயபுரத்தின் கடற்காற்று அதில் இல்லை. இந்தக் குறையை எந்தப் பிராசஸராலும் தீர்க்க முடியாது.

கணினி வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் கடைக்காரர் காட்டும் கேம் பெஞ்ச்மார்க் எண்களை விட்டுவிட்டு, தாங்கள் முடித்த திட்டம் ஒன்றின் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோகலாம். எனர்ஜிபிளஸ் இலவசம்; நிறுவ அதிக நேரம் ஆகாது. ஓட்டம் முடிந்ததும் பிழைக் கோப்பின் கடைசி வரியில் எடுத்துக்கொண்ட நேரம் எழுதப்பட்டிருக்கும். அதே கோப்பின் பிரதிகளை ஏசி இல்லாத இடத்தில், எல்லாக் கோர்களிலும் ஒரே நேரத்தில், இடைவெளி விடாமல் மூன்று முறை ஓட்டச் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை நேரம் தெளிவாகக் கூடியிருந்தால், பிராசஸரை மாற்றுவதற்கு முன் கூலரையும் கேபினெட்டையும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.